நான் ஆறாக இருந்த நாட்கள்

தண்ணீருக்குள் தண்ணீர் முழுகும் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பதுளை முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன். தண்ணீர் என்றால் தண்ணீர், அதில் மேலென்ன கீழென்ன? அவ்வளவு பெரிய மண்டை எனக்கு.

அந்த மண்டையை நம்பி ஒரு இஞ்சினியர் துரை வேலை கொடுத்தார். மடுல்சீமையில் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதற்குள் கண்ணாடிப் பக்கம் வைத்த நீண்ட தொட்டி. மலையிலிருந்து இறங்கும் ஆறு அடிவாரத்துப் பெரிய குளத்துக்குள் எப்படிப் போகிறது என்று துரை அதில் பார்ப்பார். தொட்டிதான் குளம். நான்தான் ஆறு. முக்காலியில் ஏறி நின்று, துணிக்குப் போடும் நீலம் கலந்த ஓடைத் தண்ணீரை மெல்ல ஊற்ற வேண்டும். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் என்னைக் கண்டால், "ஆறு வருது, ஒதுங்குங்க" என்பார்கள். நானும் வளைந்து வளைந்து நடந்து காட்டுவேன்.

தொட்டித் தண்ணீர் தேங்கி நின்று வெதுவெதுப்பாக இருக்கும். என் குளிர்ந்த நீலம் அதில் மிதந்ததே இல்லை. விழுந்த இடத்தில் தலைகுப்புற இறங்கி, அடியோடு ஊர்ந்து, மறுகோடியில் அணைக்கட்டாக வைத்த பலகையின் காலடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒருமுறை ஓடைக்குப் போகச் சோம்பல்பட்டு அடுப்பிலிருந்த வெந்நீரை ஊற்றிவிட்டேன். அது மேலாகவே மிதந்தது. துரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் புருஷனை ஆறு அடித்துப்போய்க் குளத்துக்குள் தள்ளியது. கரையெல்லாம் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. லயத்து வீட்டுப் பெண்கள் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். "தண்ணி வழியிற பக்கமா போயி எங்கயாவது கர ஏறியிருப்பாரு" என்று அவள் மறுத்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் என்னை ஆறு என்று கூப்பிடவில்லை. நானும் நேராகவே நடந்தேன்.

ஒருநாள் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு அவள் கொட்டகைக்கு வந்தாள். துரை வெளியூர் போயிருந்தார்.

"அண்ணே, நம்ம ஆறு கொளத்துல எப்படிப் போவுதுன்னு இதுல தெரியுமாமே. எனக்கும் காட்டுங்க."

"துரையே என்னைக் கேட்டுத்தான் கத்துக்கிறாரு தங்கச்சி. கொஞ்சம் இரு, ஆறு தேத்தண்ணி குடிச்சிட்டு வரும்."

அவள் சிரிக்கவில்லை.

வெளியே அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை வாளியிலிருந்த ஓடைத் தண்ணீரில் கலந்து, நீலம் போட்டு, முக்காலியில் ஏறினேன்.

நீலம் மேலாகவே போனது. தொட்டியின் நீளத்துக்கும் பரவி, மறுகரையைத் தொட்டு, தண்ணீர் வழியும் வாயைக் கண்டுபிடித்து வெளியே இறங்கியது.

"பாத்தியா. அடியில எதுவும் தங்காது. நேரா வெளிய போயிரும். கீழூர்ல தேடச் சொல்லுவோம்."

அவள் ஒரு கையில் தாலிக்கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறு கையை நீட்டி, நான் ஊற்றிக்கொண்டிருந்த இடத்தில் விரலை விட்டாள். சற்று நேரம் எடுக்கவே இல்லை.

"நல்லாத் தெரிஞ்சுதா தங்கச்சி? இன்னொரு தரம் ஊத்தவா?"

"ஆத்துத் தண்ணி சுடாது, அண்ணே."