நல்லாயிருப்பதாகச் சொன்னவரை விட்டுவிட்டுப் போன வண்டி

என் தங்கையின் கணவரைச் சாக விட்டது நீங்கள்தான், மேனேஜர் சார். குண்டு போட்டவன் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களைத் தெரியும்.

குத்துக்கல்வலசையில் மாடியில் நம் அலுவலகம். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எந்த நாட்டில் என்ன ஆபத்து என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. சண்டை, ஆட்சிக் கவிழ்ப்பு, ஆள் கடத்தல் எல்லாவற்றையும் படித்து, உலகப் படத்தில் நாடுகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலே கருஞ்சிவப்பு என்று நிறம் போடுவோம். ஒரு நாட்டில் சண்டை மூண்டால், அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் போன் போட வேண்டும். திரையில் மூன்று கட்டம்: பத்திரம், உதவி வேண்டும், பதில் இல்லை. உதவி கேட்டவர்களைக் கம்பெனி வண்டி வைத்து எல்லை தாண்டிக் கூட்டி வரும்.

"நம்ம ஊர் ஆளுகளுக்கு நம்ம ஊர்ப் பொண்ணுகளே பேசட்டும், மனசு விட்டுப் பேசுவாங்க" என்று நீங்கள்தான் திட்டம் போட்டீர்கள். கம்பெனிக்காரனிடம் அதைப் பெருமையாக விற்றீர்கள்.

அதனால்தான் அந்த நாட்டில் சண்டை மூண்ட அன்று என் பட்டியலில் தங்கை கணவர் பெயர் வந்தது. இலஞ்சிக்காரர். எண்ணெய்க் கிடங்கில் ஜெனரேட்டர் பார்க்கும் எலக்ட்ரீஷியன்.

"நல்லாருக்கீங்களா?" என்றேன்.

"நல்லாருக்கேன் மைனி. சாப்பிட்டாச்சு. அங்கன சாரல் உண்டா? ஐந்தருவியில தண்ணி விழுதா?"

"அது கிடக்கட்டும். அது என்ன சத்தம்?"

"கதவு அடிக்கி. அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. பயந்து சாவா."

எந்தக் கதவு அடித்தாலும் கண்ணாடி அப்படிக் கொட்டாது. ஆனால் எங்கள் வீடுகளில் போனில் கெட்டது சொல்லும் வழக்கமில்லை. செத்துப்போனவரைக்கூட 'கொஞ்சம் முடியல, கிளம்பி வா' என்றுதான் சொல்வோம். வெளிநாட்டில் இருக்கிற ஆம்பிளை தன் வீட்டுப் பெண்ணிடம் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்வானா? முன்பின் தெரியாத எவனாவது பேசியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார்.

உங்கள் மேசைக்கு வந்தேன். "சார், அவரு பொய் சொல்லுதாரு. உதவின்னு போடணும்."

"அவர் வாயால என்ன சொன்னாரு?"

"நல்லாருக்கேன்னாரு."

"அப்போ பத்திரம். உன் சொந்தக்காரன்னா கட்டத்தை மாத்திருவியா?" பிறகு சிரித்தீர்கள். "நம்மாளுக நல்லாருக்கேன்னு சொன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊர்க்காரன்தான். அதைக் கம்பெனிக்காரனுக்கு எப்படிம்மா வெளக்க?"

பத்திரம் என்ற கட்டத்தை நான்தான் அழுத்தினேன். அதை மறைக்கவில்லை.

மறுநாள் விடியும்போது வண்டி கிளம்பியது. அதற்கு மறுநாள் மதியம் ஜெனரேட்டர் கொட்டகை இருந்த இடத்தில் குழி இருந்தது. பல வாரம் கழித்துப் பெட்டி வந்தது. திறக்காதீர்கள் என்றார்கள். கூடவே ஒரு கடிதம். தாம் பத்திரமாக இருப்பதாக ஊழியர் தாமே உறுதி செய்திருந்தார் என்று எழுதியிருந்தது. தங்கைக்கு இங்கிலீஷ் வராது. நான்தான் படித்துச் சொன்னேன்.

"யார்ட்ட சொன்னாவளாம்?" என்று கேட்டாள்.

"என்கிட்டதான்."

அதன்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

நீங்கள் அந்த நாட்டைக் கருஞ்சிவப்பு ஆக்கினீர்கள். ஒரு அழைப்புகூட விடுபடவில்லை என்று கம்பெனி உங்களைப் பாராட்டியது. எல்லோரையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போய்க் குளித்துச் சாப்பிட்டீர்கள். எண்ணெய் வழியும் தலையோடு தண்ணீருக்கடியில் நிற்கும் உங்கள் படம் குரூப்பில் வந்தது. அன்றே வேலையை விட்டேன்.

போன வாரம் சாவுத் துட்டி கேட்க ஒருவர் வந்தார். கடையநல்லூர் வெல்டர், அந்த வண்டியில் தப்பி வந்தவர். தங்கை முன்னால் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"பின்னாடி நாலு சீட்டு சும்மா கெடந்துச்சு. அதுல எங்க துணிப்பெட்டிய வச்சிட்டு வந்தோம். இவுக வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போவோம்னு கேட்டேன். டிரைவர் உங்க ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டான். லிஸ்ட்ல பத்திரம்னு இருக்கு, எறக்கிவிட்டுட்டு வான்னுட்டாங்களாம்."

எறக்கிவிட்டு. அப்படியென்றால் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்திருக்கிறார்.

உங்களுக்குப் போன் போட்டேன். அது கம்பெனி முடிவு என்று வைத்துவிட்டீர்கள். இலஞ்சி கோயில் தெருவுக்கு வாருங்கள். மைக் நான் கட்டுகிறேன். ஏறி உட்கார்ந்தவரை என்ன செய்ய என்று அங்கிருந்து கேட்டார்களே, அந்தப் போனை எடுத்தது யார், என்ன பதில் சொன்னீர்கள்? ஊர் முன்னால், என் தங்கை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.