ஜாய்ஸ் எந்த மாதம் சேர்ந்தார்?

2022 ஜூலை 28. ஜாய்ஸின் கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தில் இருக்கும் தேதி இது. மூன்றரை ஆண்டுகளாக அதை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. கடந்த வாரம் மட்டும் நாற்பது முறை பார்த்திருப்பார்.

முப்பத்து நான்கு வயது. புதுப்பட்டினம் கடைத்தெருவில், கல்பாக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப்காரர்கள் சாமான் வாங்கும் மளிகைக் கடையில் பில் போடுகிறார். பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற படிப்பை, கடையில் கூட்டம் ஓயும் மதிய வேளைகளில் கைபேசியில் பாடம் கேட்டே தொடர்ந்து, இந்தப் பிப்ரவரியில் பி.காம். முடித்தார். கணவர் ஆல்வின், தான் ஓட்டும் ஊழியர் பேருந்தில் ஏறிய எல்லோருக்கும் அன்று சாக்லேட் கொடுத்தார்.

செங்கல்பட்டில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் இளநிலை உதவியாளர் வேலை. ஒரே ஓர் இடம். எழுத்துத் தேர்வில் ஜாய்ஸ் முதலாவதாக வந்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு வரச் சொன்னார்கள். கூடவே ஒரு படிவம். ஆன்லைனில் படித்தவர்கள், தாங்கள் சேர்ந்த பருவத்தில் அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருந்தது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொய் என்று பின்னால் தெரிந்தால் பணிநீக்கம், போலீஸ் புகார்.

அங்கீகாரத்தைப் பற்றி யோசிக்காமல் ஜாய்ஸ் சேர்ந்துவிடவில்லை. புதுப்பட்டினத்தில் தண்ணீர் மோட்டார் முதல் ஸ்கேன் ரிப்போர்ட் வரை எதில் சந்தேகம் வந்தாலும் டவுன்ஷிப் ஆள் ஒருவரிடம் காட்டிக் கேட்பார்கள். அவர் சரி என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. ஜாய்ஸ் கேட்டது பக்தவத்சலத்திடம். டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், கடையின் வாடிக்கையாளர். அவர் அன்று மானியக் குழுவின் இணையதளத்தைத் திறந்து, அந்த வடமாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடிக் காட்டி, தைரியமாகச் சேரச் சொன்னார். ஜாய்ஸ் திருப்போரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த படிப்பு மையத்தில் போய்ச் சேர்ந்தார்.

படிவம் வந்த திங்கட்கிழமை அந்த மையத்துக்குப் போன் செய்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை. மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ஆல்வின் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அங்க பிளாட்டு வித்துகினு கீறாங்க," என்றார். "காலேஜு இன்னா ஆச்சுன்னு கேட்டா, அது தெரியாதுண்ணா, கார்னர் பிளாட்டு ஒண்ணு கீது, பாக்குறியான்றான்."

ஜாய்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே இருவரும் பக்தவத்சலத்தின் வீட்டுக்குப் போனார்கள். அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். பல்கலைக்கழகத்தின் பெயர் பழையபடியே இருந்தது. இதற்கா இவ்வளவு பயம் என்று கேட்டார். ஜாய்ஸ் படிவத்தை நீட்டினார். படித்ததும் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஆன்லைன் படிப்புகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. ஆண்டு வாரியாக, ஆண்டுக்குள் ஜூலை, ஜனவரி என்று பருவம் வாரியாக, அதற்குள் படிப்பு வாரியாக. 2022 ஜூலைப் பருவத்தில் அந்தப் பல்கலைக்கழகம் இருந்தது. பி.பி.ஏ. இருந்தது, எம்.பி.ஏ. இருந்தது. பி.காம். இல்லை. மறுபடி மேலிருந்து, திரையில் ஸ்கேலை வைத்து வரி வரியாக வந்தார். இல்லை. அடுத்த ஜனவரிப் பருவத்தில் பி.காம். இருந்தது.

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "யுனிவர்சிட்டி கீதான்னுதாம்மா அன்னிக்குப் பாத்தேன். உன் கோர்ஸ் கீதான்னு பாக்கல. தப்பு என்னுது."

"உங்க பேச்சக் கேட்டு இன்னும் எத்தினி பேரு சார் சேந்தாங்க?" என்றார் ஆல்வின்.

நாலு பேர் என்றார். பிறகு, ஐந்து என்று திருத்தினார்.

இதற்குள் ஜாய்ஸ் சேர்க்கைக் கடிதத்தை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அச்சாகியிருந்தது மையத்தின் பெயர். பல்கலைக்கழகத்தின் பெயர் ஓரத்தில், சின்னதாக. முதல் பருவ மதிப்பெண் பட்டியலை எடுத்தார். தேர்வு நடந்தது 2023 ஜூனில். சேர்ந்து பதினோரு மாதம் கழித்து. அப்போது கேட்டதற்கு, கொரோனாவால் எல்லாமே தள்ளிப்போகிறது என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள். மையம் இவரை ஜூலையில் சேர்த்து வைத்துக்கொண்டு, ஜனவரியில்தான் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ததா? அப்படி என்றால் பட்டம் செல்லும். ஜூலையிலேயே பதிவு செய்திருந்தால் செல்லாது. அதைச் சொல்லக்கூடியது பல்கலைக்கழகம் மட்டும்தான். அங்கிருந்தே மின்னஞ்சல் அனுப்பினார். பத்து வேலை நாட்களுக்குள் பதில் தருவதாக உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது.

புதன்கிழமை முழுக்க வீட்டில் ஒரே வாக்குவாதம். மையத்தின் கடிதத்தை யார் கேட்டார்கள், மதிப்பெண் பட்டியலை மட்டும் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடு என்பது ஆல்வினின் கட்சி. ஜாய்ஸ் இரண்டையும் ஒரே உறையில் வைத்தார். அன்று கடையில் மூன்று பில்களைத் தப்பாகப் போட்டார்.

வியாழக்கிழமை சான்றிதழ்களைச் சரிபார்த்த எழுத்தர், உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து இல்லாததைப் பார்த்து நிமிர்ந்தார். ஜாய்ஸ் விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கு முன்ன வந்தவங்கல்லாம் கையெழுத்து போட்டுட்டுப் போயினே இருந்தாங்க. நீ மட்டும் ஏம்மா கதை சொல்ற?"

"வேலையில சேந்து ரெண்டு வருஷம் கழிச்சி கேட்டீங்கன்னா, அப்போ கதை சொன்னா ஒத்துப்பீங்களா சார்?"

எழுத்தர் காகிதங்களை எடுத்துக்கொண்டு பள்ளிச் செயலாளரின் அறைக்குப் போனார். இருபது நிமிடம் ஆனது. ஜாய்ஸ் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. திரும்பி வந்தவர், பச்சை மையில் இரண்டு வரி எழுதிய கோப்பைக் காட்டினார்: சேர்க்கை மாதத்தைக் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகம் தரும் கடிதத்துக்குப் பதினைந்து நாள் அவகாசம்.

அந்த அவகாசம் வரும் பதினாறாம் தேதி மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. அதற்குள் கடிதம் வராவிட்டால், தேர்வில் இரண்டாவதாக வந்தவரை அழைப்பார்கள்.