அழித்த பேச்சுக்கும் மார்க்

எங்கள் கல்லூரியில், வகுப்பில் செல்போனைக் கண்டாலே ஆசிரியர்கள் நாங்கள் எரிந்து விழுவோம். ஆங்கில மேடம் மட்டும், "போனை எடுங்க, இங்கிலீஷ்ல பேசி எனக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க" என்பார். வகுப்பு மொத்தத்தின் குரலையும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே கேட்டு, ஒவ்வொருவருக்கும் பதில் பேசி அனுப்புவார். எங்களில் யாருக்கு அந்தப் பொறுமை வரும்?

கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். மார்க் போடும் நாளில் மேடத்தின் போனை எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் பேசி அனுப்பியதையெல்லாம் அவளே அழித்திருந்தாள். "அழிக்கப்பட்டது" என்ற வரிதான் திரை முழுக்க நின்றது.

"ஒண்ணுமே மிஞ்சலையே, இவளுக்கு எதை வச்சு மார்க் போடுவீங்க?" என்று சிரித்தேன்.

மேடம் நிமிரவே இல்லை. "இந்த வகுப்புலயே அதிகமாப் பேசிப் பார்த்தவ இவதான் சார்."