நாற்பத்து நாலாவது கேள்வி

கேள்வியக்காவுக்குப் பயம் என்பது சம்பளமில்லாத இன்னொரு வேலை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும், இழுத்துப் பார்த்தோமா, பார்த்ததாக நினைத்துக்கொண்டோமா என்று ஆரம்பிப்பாள். லிஃப்டில் நாலு பேர் இருந்தால் ஐந்தாவதாக ஏறமாட்டாள். எட்டுப் பேர் போகலாம் என்று எழுதியிருக்கும்தான். எழுதினவன் எப்பேர்ப்பட்ட ஒல்லிகளை நினைத்து எழுதினானோ!

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் கடவுள் இரும்புக் கட்டட வேலையில் போட்டார். நல்லவேளை, ஏறுகிற வேலை இல்லை. நாற்காலியில் உட்காருகிற வேலை.

கட்டடத்துக்கான மாடல் இன்ஜினியர் ஆபீஸிலிருந்து கம்ப்யூட்டரில் வரும். எந்தத் தூண் எங்கே நிற்கும், எந்த பீம் எவ்வளவு கனம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை அப்படியே பட்டறைக்குக் கொடுத்தால் வெல்டர் தலையைச் சொறிவார். எந்தத் துண்டை எத்தனை மில்லிமீட்டரில் வெட்ட வேண்டும், எங்கே ஓட்டை போட வேண்டும், எத்தனை போல்ட் என்று அதன் மேலேயே இன்னொரு மாடலைக் கட்டித் தருகிறவள்தான் டீட்டெய்லர். பதினேழு வருஷமாக இதைச் செய்கிறாள். இதுவரை அவள் போட்ட ஓட்டை ஒன்றுகூட இடம் தவறியதில்லை. முதலாளி அதைத் திறமை என்பார். அது பயம் என்று அவளுக்குத் தெரியும்.

சந்தேகம் வந்தால் எண் போட்டு இன்ஜினியருக்குக் கேள்வியாக அனுப்ப வேண்டும். மற்றவர்கள் ஒரு கட்டடத்துக்குப் பத்துக் கேள்வி கேட்பார்கள். இந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு அவள் நாற்பத்து மூன்று கேட்டிருந்தாள். பெயர் வந்த கதை அதுதான்.

மாடலை அனுப்புகிற இன்ஜினியர் எந்த மெயிலையும் ‘சீக்கிரம்’ என்றுதான் முடிப்பார். அதனால் அவருக்கு இந்த ஆபீஸில் ‘சீக்கிரம் சார்’ என்று பெயர். எட்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வீடியோ மீட்டிங்கில், எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்: “மேடம், அடுத்த கேள்வி என்ன? இந்தக் கட்டடத்தை எதுக்குக் கட்டறோம்னு கேப்பீங்களா?”

பன்னிரண்டு கட்டத்துக்குள் பன்னிரண்டு முகம் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

அந்த நேரம் நாற்பத்து நாலாவது கேள்வியைத் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். ‘தெற்குப் பக்கம் பிரேசிங் இருக்கிறது. வடக்குப் பக்கம் காணவில்லை. சரிதானா?’ பிரேசிங் என்பது இரண்டு தூணுக்கு நடுவே பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே போடுகிற இரும்பு. காற்று தள்ளும்போது கட்டடம் சாயாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். மீட்டிங் முடிந்ததும் அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். படித்தவர்கள், கணக்குப் போடாமலா இருப்பார்கள்?

எட்டு வாரம் கழிந்து, ஒரு நாள் காலை பத்தே முக்காலுக்கு சீக்கிரம் சாரிடமிருந்து திருத்திய மாடல் வந்தது. மாடிப்படியில் ஏதோ சின்ன மாற்றம் என்று எழுதியிருந்தது. வழக்கம்போலப் பழைய மாடலின் மேல் புதியதைப் போட்டுப் பார்த்தாள். மாறாதது சாம்பல் நிறத்தில் தெரியும், புதிதாக வந்தது நீலத்தில் தெரியும். மாடிப்படி நீலமாக இருந்தது. சரி. திருப்பிப் பார்த்தாள். வடக்குப் பக்கத்தில் நாலு மாடிக்கும் நாலு பெருக்கல் குறி, பளிச்சென்று நீலத்தில் நின்றன.

போனை எடுத்தாள்.

“சார், வடக்குல பிரேசிங் எதுக்குப் புதுசா சேத்திருக்கீங்க?”

“நான் எங்க மேடம் சேத்தேன்? அது முதல் நாள்லேர்ந்தே இருக்கே.”

“எனக்கு அனுப்பினதுல இல்ல சார்.”

“இருக்காம எப்படி...” என்றவர் நிறுத்தினார். பிறகு வந்த குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “ஓனர் படம் கேட்டாரு. முன்வாசல் நல்லாத் தெரியட்டும்னு அந்தப் பக்கத்து பிரேசிங்கை மட்டும் மறைச்சு வச்சேன். அப்படியே உங்களுக்கு அனுப்பிட்டேன் போல.”

மறைத்து வைத்ததை அந்த சாஃப்ட்வேர் அனுப்பாது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கட்டிக் கொடுத்துவிடும். அவளுக்கு வந்த மாடலில் அந்த எட்டு இரும்பும் இல்லை. அவள் வரையவில்லை. பட்டறை வெட்டவில்லை. கட்டடம் அது இல்லாமலேயே நாலு மாடி ஏறி நின்றுகொண்டிருந்தது.

“மேடம், இப்ப அதை எது பிடிச்சிட்டிருக்கு?”

“தற்காலிகமா இழுத்துக் கட்டின இரும்பு வயருங்க சார். வடக்குல நாலு.”

சொல்லும்போதே, விடிந்ததும் தம்பி போனில் சொன்னது ஞாபகம் வந்தது. “இன்னிக்கு வடக்கு வயரெல்லாம் கழட்டறோம்கா. நாளையிலிருந்து கட்டடம் சொந்தக் கால்ல நிக்கும்.”

தம்பி இதே கம்பெனியில் இரும்பு ஏற்றுகிறவன். லிஃப்டுக்கே பயப்படுகிறவளின் கூடப் பிறந்தவன், நாலாவது மாடி பீமில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து போட்டோ அனுப்புவான். அவளைப் பயமுறுத்துவது அவனுக்குப் பொழுதுபோக்கு.

அவனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? மேலே ஏறுகிறவர்கள் போனைக் கீழே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். அந்த விதிக்காக முதலாளியிடம் மூன்று மாதம் மன்றாடியவளே அவள்தான். ஃபோர்மேனுக்கு அடித்தாள். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி அடித்தாள், மறுபடியும் அதே பாட்டு. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியில் ஒரு போர்வை கொடியைவிட்டுக் கிளம்பப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றுக்கு இன்றைக்கென்று அப்படி ஒரு உற்சாகம்.

அவசரத்தில் போன் கைநழுவி மேஜைக்கடியில் விழுந்தது. பக்கத்து மேஜைக்காரன் குனிந்து எடுத்தான். தினமும் அவள் நாற்காலியில் கேள்விக்குறி வரைந்த காகிதம் ஒட்டுகிறவன் அவன்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல், “நான் ஃபோர்மேனுக்கு அடிச்சிட்டே இருக்கேங்கா, நீங்க வேற வழி பாருங்க” என்றான்.

வேற வழி. சைட்டில் ஃபோர்மேன் கையில் ஒரு டேப்லெட் இருக்கும். அதில் அவளுடைய மாடல்தான் ஓடும். ஒவ்வொரு வேலையைத் தொடங்கும்போதும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆளை அனுப்புவார். மஞ்சள் என்றால் சாமான் வந்துவிட்டது. பச்சை என்றால் முறுக்கியாயிற்று. சிவப்பு என்றால் கை வைக்காதே, காரணம் அப்புறம்.

வடக்குப் பக்கத்தை மட்டும் சிவப்பாக்கினால்? அவர் தெற்கைப் பார்த்துக்கொண்டிருந்தால்? அவள் கட்டடம் முழுவதையும் தேர்ந்தெடுத்தாள். தூண், பீம், படிக்கட்டு, கைப்பிடி, ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டு. சிவப்பைத் தொட்டாள்.

‘நிச்சயமாக மாற்றலாமா?’ என்று கேட்டது கம்ப்யூட்டர்.

பூட்டிய கதவைப் பற்றிக்கூட நிச்சயமாக எதையும் சொன்னதில்லை அவள். ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.

இரண்டு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. போர்வை கொடியிலிருந்து பறந்தே போயிற்று. அப்புறம் பக்கத்து மேஜைக்காரன் கையிலிருந்த போனில் ஃபோர்மேன் குரல் அலறியது.

“யாருப்பா அது? கட்டடத்துக்கு அம்மை போட்ட மாதிரி ஒரே செவப்பா வருது? டேப்லெட்டு கெட்டுப்போச்சா?”

அவள் போனைப் பிடுங்கினாள். “கெடல. நான்தான் மாத்தினேன். வயரைக் கழட்டாதீங்க. வடக்குல பிரேசிங்கே இல்ல.”

“ஒண்ணைக் கழட்டியாச்சேம்மா. ரெண்டாவதுல கை வச்சிருக்காங்க.”

“யாரு?”

“உங்க தம்பிதாம்மா.”

உடனே இறங்கச் சொல்லலாம். ஆனால் மூன்று வயரில் கட்டடத்தை விட்டுவிட்டு எல்லாரும் கீழே வந்து நின்றால், அது சாய்ந்தால் கீழேதானே விழும்?

“முதல்ல கழட்டினதை மாட்டச் சொல்லுங்க,” என்றாள். தம்பியை அந்த இடத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்கிறாள் என்பது அவள் காதுக்கே கேட்டது. “அவன் மாட்டி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க தள்ளிப் போகட்டும். முடிச்சதும் அவனும் இறங்கட்டும்.”

பதினொரு நிமிஷம் ஆயிற்று. அவள் நகம் கடிக்கவில்லை, அழவில்லை. அழித்த வரியைத் திரும்ப எழுதினாள். ‘கேள்வி 44. வடக்குப் பக்கம் பிரேசிங் காணவில்லை. சரிதானா? இதை எட்டு வாரத்துக்கு முன்பே எழுதி, சிரிப்பார்கள் என்று அழித்துவிட்டேன்.’ சீக்கிரம் சாருக்கும் முதலாளிக்கும் அனுப்பினாள். வேலை போகுமா என்ற பயமும் வந்தது. ஏற்கெனவே இருந்த கூட்டத்தில் அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

பதில் உடனே வந்தது. ‘சரியில்லை. தவறு என்னுடையது. உங்கள் மற்ற நாற்பத்து மூன்று கேள்விகளையும் மறுபடி பார்க்கிறேன்.’ கீழே ‘சீக்கிரம்’ இல்லை.

அதற்குப் பிறகுதான் தம்பி கூப்பிட்டான். காற்று அவனைவிடச் சத்தமாகப் பேசியது.

“என்னக்கா, மொத்தக் கட்டடத்தையும் ரத்தக்களறியாக்கிட்ட?”

“கீழ வந்துட்டியா?”

“வந்து, தள்ளி வந்து, ரோட்டுக்கே வந்து நிக்கறேன். போதுமா?”

“வயரு நாலும் இருக்கா?”

“இருக்கு.”

“பாத்துச் சொல்லு. எண்ணு.”

“ஒண்ணு,” என்றான். “ரெண்டு. மூணு.” நிறுத்தினான்.

அவள் மேஜை விளிம்பைப் பிடித்தாள்.

“நாலு. பயந்துட்டியா?”

அவள் விட்ட பெருமூச்சு போனில் போயிருக்க வேண்டும். அதற்கு மேல் அவன் சீண்டவில்லை. கிண்டல் செய்ய இவ்வளவு நல்ல சந்தர்ப்பத்தை அவன் விட்டதாகச் சரித்திரமே இல்லை.

“மேல இருக்கறப்ப தூண் லேசா ஆடுச்சுக்கா,” என்றான் மெதுவாக. “காத்துன்னு நெனச்சேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மறுபடி எண்ணட்டுமா?”

“எண்ணு.”

ஒண்ணு என்று ஆரம்பித்து, எங்கேயும் நிறுத்தாமல் நாலுவரை எண்ணினான்.