கோடு போட்ட ஃபைலும் வைதேகி மேடமும்

வைதேகி மேடம் போய்விட்டார். பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில், அவருடைய நம்பரிலிருந்தே மகன் செய்தி போட்டிருந்தார்... 'அம்மா பரமபதித்தார்.'

முதலில் துக்கம் வந்தது. அடுத்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயம் வந்தது.

கன்டோன்மென்ட் ஆபீஸில் யுனிக்ஸ் சர்வர் மொத்தமும் அவர் கையில். யாருக்கும் எதுவும் சொல்லித்தர மாட்டார். "நகருங்கோ" என்பார், நம் நாற்காலியில் உட்கார்ந்து தானே முடித்துவிடுவார்.

அங்கே எனக்கு ஒரு ரகசியத் தொழில். ஆபீஸ் வம்பையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதிவைப்பது. மேனேஜரின் தலைமுடி ஒரிஜினல் இல்லை என்பது வரை... ஆதாரத்தோடு.

ஃபைல் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால் லிஸ்டில் தெரியாதாம். அரைகுறையாகக் காதில் வாங்கிய நான் கோடு வைத்தேன். -manager.

ஒருநாள், மூன்று மணிக்கு மேனேஜரே எங்கள் ஃபோல்டரைத் திறந்து பார்க்கப்போகிறார் என்றார்கள். அவசரமாக, ஃபைலை அழிக்கிற rm கட்டளையை அடித்தேன். போகவில்லை.

முன்னால் கோடு இருந்ததால் rm அதை ஃபைல் பெயராகவே மதிக்கவில்லை. ஏதோ ஆப்ஷன் என்று நினைத்து, அப்படி ஒன்று கிடையாது என்றது. பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டேன். அதே பதில். வேலை போச்சு என்று சர்வர் ரூமுக்கு ஓடினேன்.

மேடம் வந்தார். "நகருங்கோ."

பெயருக்கு முன்னால் ./ சேர்த்தார். இந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைல் என்று விலாசம் சொன்னதும் மெஷினுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அழிக்கவில்லை. திறந்து படித்தார். முழுசாக... அவருடைய புளியோதரையைப் பற்றிய பகுதி உட்பட.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் rm -i ./-manager. அழிக்கட்டுமா என்று மெஷின் கேட்டது.

"ஆமாம்னு y நீங்களே அடியுங்கோ. என்னைப் பத்தி நாலு வரிதானா?"

அடித்தேன். மூன்றுக்கு நாலு நிமிஷம் இருந்தது.

ஆனால் பேக்கப் எடுக்காமல் எதையுமே அழிக்காதவர் அவர். அந்த ஃபைலையும் எங்காவது வைத்திருப்பாரோ, வீட்டில் சொல்லியிருப்பாரோ என்று இத்தனை வருஷமும்...

இன்று ஸ்ரீரங்கம் போனேன். உத்திர வீதி வீட்டு வாசலில் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா உங்களைப் பத்தி நெறையச் சொல்லியிருக்கா மாமா."

என்ன சொன்னாங்க என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை தப்பாப் பேசாதவர்னு."

அப்பாடா... ஆற்றங்கரை அம்மா மண்டபம் வரை நடந்துவந்துதான் பஸ் ஏறினேன். மூச்சு இப்போதுதான் சீராக வருகிறது.

போயிட்டு வாங்க மேடம். நாலு வரி போதாதுதான்... இதோ, கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கிறேன்.