நான் குறைத்து எழுதிய அங்குலங்கள்

மூவார் டவுனில் என் தையல் கடையில் கல்யாணச் சட்டை ஒன்றுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். ரப்பர் தோட்டத்து லாரிக்காரர் வாசலிலேயே நின்று, "டெய்லரண்ணே, பெரிய கிராணி போயிட்டாருங்க" என்றார். காலையில் ஆள்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாக டாக்டர் சொன்னாராம். கீழே வைத்த கத்தரிக்கோலை அன்று நான் மறுபடி எடுக்கவில்லை.

தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதி வேலை வாங்கும் பெரிய கிராணி, எங்கள் சதாசிவம் அண்ணனைத் தெரிந்தவர்களுக்கு அவர் சிரிப்பும் தெரியும். அவர் சிரித்தால் நான் தைத்த பொத்தான் தெறிக்கும். "தொப்ப இல்லாத கிராணிய எந்தத் தொர மதிப்பான்?" என்பார். காய்ச்சல்காரனை வேலைக்கு விரட்டாத கிராணி இந்த வட்டாரத்தில் வேறு யார்? எனக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன்.

போன வருஷம் தோட்டத்து டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, ரத்தக் கொதிப்பு ஏறிக் கிடக்கிறது என்றார். வயிற்றுக் கொழுப்பு கரைந்தால் கொதிப்பும் இறங்கும். உப்பு, நெய், இறைச்சி கூடாது. மாதாமாதம் இடுப்பை அளக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அளக்க அண்ணன் ஒப்பவில்லை. "ஆளுங்க முன்னாடி சந்தை மாடு மாதிரி நிக்கணுமா? நம்ம டெய்லரு அளப்பாரு, சீட்டு கொண்டாறேன்" என்றார். டாக்டரும் சம்மதித்தார்.

முதல் மாதம் நாற்பத்து நான்கு அங்குலம். உள்ளபடி எழுதினேன். அடுத்த மாதம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூச்ச விடுங்கண்ணே."

"விட்டா போச்சுப்பா! ஒரு அங்குலம் கொறச்சுப் போடுலா. இல்லாட்டி டாக்டரு கஞ்சிதான் குடிக்கச் சொல்வாரு."

அவர் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. குறைத்தே எழுதிக் கொடுத்தேன். கையோடு இருவரும் இறைச்சியைக் குச்சியில் சுட்டு விற்கும் சாத்தே கடைக்குப் போனோம். அடப் பாவி, நானும்தானே உட்கார்ந்து தின்றேன்! பிறகு மாதத்துக்கு ஓர் அங்குலமாகக் குறைத்தேன். தொளதொளவென்று ஒரு கோட்டும் தைத்துப் போட்டு, அவரை இளைத்தவராகவே காட்டிவிட்டேன். அந்த வேலைத்திறமையில் எனக்குப் பெருமை வேறு.

ஐந்தாம் மாதச் சீட்டை டாக்டரிடம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். "அலமாக், டாக்டரே கொழம்பிட்டாருப்பா! இடுப்பு எறங்குது, கொதிப்பு எறங்கல. அப்ப சாப்பாடு காரணமில்ல, வேற என்னமோன்னு பத்தியத்தத் தளத்திட்டாரு. இனி அளக்கவும் வேணாமாம்." அன்றாவது நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். வாயிருந்தும் ஊமையாக இருந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் பாக்கியம் அண்ணி மகனுக்குச் சோறு பரிமாறினார். முப்பது வயதில் அவனுக்கும் அப்பாவின் வயிறு. நெய்யை அள்ளி ஊற்றியபடி, "சாப்பிடுய்யா. ஒங்கப்பா வாயக் கட்டி என்னத்தக் கண்டாரு? பத்தியம் இருந்துந்தானே போனாரு" என்றார். நான் இலையை விட்டு எழுந்து நின்றேன்.

அண்ணி, எல்லோரும் அறியச் சொல்கிறேன். அண்ணன் பத்தியம் காக்கவில்லை. நான் கடைசியாக அளந்தபோது அவர் இடுப்பு நாற்பத்தாறு அங்குலம். சீட்டில் நாற்பது என்று எழுதியது இந்தக் கை. டாக்டர் சொன்னது தப்பில்லை, தப்பு என் சீட்டில் இருந்தது. யாருக்கும் காட்டாத அந்த நாற்பத்தாறுதான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். உங்கள் மகனை நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். என்னிடம் மட்டும் அளக்க அனுப்பாதீர்கள்.