தெர்த்துவும் புதன்கிழமை சவுனாவும்

மாவு டப்பாவின்மேல் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, தெர்த்து கத்தியைக் கையில் எடுக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் வில்ஹோ கிழவர் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, இவர் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருக்கிறார். தோல் ஒரே சுருளாக விழ வேண்டும். நடுவில் அறுந்துபோனால் "ச்சே!" என்கிறார். அந்தச் "ச்சே"யும் பதிவாகிறது.

அதை எழுதுவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவள் நான், கைசு. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. மற்ற ஆய்வாளர்களின் பதிவுகளில் கேள்வி இருக்கும், பதில் இருக்கும். தெர்த்துவின் பதிவுகளில் காப்பி கொதிக்கும், நாய் குரைக்கும், அடுப்பில் பிர்ச் விறகு வெடிக்கும், இரண்டு பேர் சேர்ந்து போர்வையை உதறி மடிக்கும் ஓசை கேட்கும். ஒருமுறை நான் குறைப்பட்டுக்கொண்டேன்.

"சும்மா கையக் கட்டிக்கிட்டு எதிர்ல உக்காந்தா, டாக்டர் முன்னாடி உக்காந்த மாதிரி ஆயிடுது, கைசு, அவங்களுக்கு. நான் வேலை செஞ்சேன்னு வை, 'இந்தப் பொண்ணுக்குக் கத்தி பிடிக்கக்கூடத் தெரியல'ன்னு திட்ட ஆரம்பிப்பாங்க. திட்ட ஆரம்பிச்சாங்கன்னா மத்ததெல்லாம் தானா வந்துடும்" என்றார்.

அந்தப் "பொண்ணு"க்கு வயது ஐம்பத்தொன்பது. பதினோரு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, படுக்கை தட்டிப்போட்டவர். நாற்பது வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். காட்டோரக் கிராமங்களில் தனியாக வாழும் முதியவர்களுக்கு அரசின் உதவி எப்படிப் போய்ச் சேர்கிறது, சேராதபோது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அடுத்தவர் வீட்டுத் தரை சில்லென்று இருக்கும் என்பதற்காகப் பையில் எப்போதும் கம்பளிக் காலுறை வைத்திருக்கிறார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ஜோடிகள் எந்தெந்த வீட்டிலோ தங்கிவிட்டன. ஒரு நாளைக்கு ஏழு கோப்பைக் காப்பி குடிக்கிறார், கொடுப்பவர் மனம் கோணக்கூடாதே என்று. எட்டாவது கோப்பை தன் சொந்த ஆசைக்கு என்று ஒப்புக்கொள்கிறார்.

உதவி பெறுகிறவர்களை "வாடிக்கையாளர்" என்று எழுதுவது எங்கள் துறையின் வழக்கம். தெர்த்துவுக்கு அந்தச் சொல்லைக் கண்டால் ஆகாது. அறிக்கைகளில் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே போவார். "கடையில தக்காளி வாங்குறவங்க வாடிக்கையாளர். பிடிக்கலன்னா அடுத்த கடைக்குப் போவாங்க. வில்ஹோ எந்தக் கடைக்குப் போவாரு, சொல்லு?"

உண்மைப் பெயரை அறிக்கையில் போடக்கூடாது என்பது விதி. மற்றவர்கள் எண் கொடுப்பார்கள். தெர்த்து, வேண்டிய பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரவரிடமே விட்டுவிடுவார். இப்படித்தான் எங்கள் அறிக்கைகளில் ஒரு விலாங்கு மீனும், ஒரு சூறாவளியும், ஒரு ஜனாதிபதியும் நடமாடுகிறார்கள். ஜனாதிபதி வேறு யாருமில்லை, வில்ஹோதான். எண்பத்தாறு வயது. இளமையில் ஆற்றில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டு ஓட்டிப்போனவர். "தனக்கு முதுகு தேய்த்துவிட ஆளில்லை என்று ஜனாதிபதி வருத்தப்பட்டார்" என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு, தலைநகரிலிருந்து ஒரு அதிகாரி பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டார். தெர்த்து அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

அவரிடம் இருக்கும் பெரிய திறமை கேள்வி கேட்பதல்ல, கேட்காமல் இருப்பது. யாராவது பேச்சை நிறுத்திவிட்டால் தெர்த்து அடுத்த கேள்விக்குத் தாவமாட்டார். நான் அடைப்புக்குறிக்குள் "மௌனம், 47 நொடி" என்று எழுதுவேன். "மௌனம், 1 நிமிடம் 20 நொடி" என்று எழுதுவேன். இதுவரை நீண்டது இரண்டு நிமிடம் பதினொரு நொடி. அதற்குப் பிறகு ஒரு கிழவர், இறந்துபோன மனைவியின் பல்துலக்கியை இன்னும் எறியவில்லை என்று சொன்னார். தெர்த்து, "எறியணும்னு என்ன இருக்கு?" என்றார். அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில் அவருக்கு ஒரு சோதனை வந்தது.

ஹாப்பாவாரா கிராமத்தில் முதியோருக்கான பொதுக்கூடம் ஒன்று இருக்கிறது. புதன்கிழமைதோறும் ஒரு வண்டி சுற்றுவட்டாரத்திலிருந்து இருபது, இருபத்தைந்து பேரைக் கூட்டிவரும். முதலில் பெண்களுக்கு சவுனா, அதாவது சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி எழும் ஆவியில் குளியல், பிறகு ஆண்களுக்கு. அதன்பின் சால்மன் சூப்பு, கம்பு ரொட்டி, காப்பி. இதை நிறுத்திவிட்டு, வீட்டுக்கே ஒருவரை அனுப்பி இருபது நிமிடத்தில் குளிப்பாட்டிவிடலாம் என்று வட்டார நலக்குழு யோசித்தது. முடிவெடுக்கும் முன், சவுனாவால் உண்மையில் ஏதாவது பலன் உண்டா என்று பார்த்துச் சொல்லும்படி எங்களிடம் ஒப்படைத்தார்கள்.

தெர்த்து பார்த்தார். அந்த முதியவர்கள் எல்லோருடைய மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருக்கும், அதில் ஆபத்துக்கு அழுத்த ஒரு பட்டன். அழுத்தினால் ஆள் வண்டி எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். எந்தெந்தக் கிழமை எத்தனை முறை அழுத்துகிறார்கள் என்று ஒரு குளிர்காலம் முழுவதும் எண்ணினார். புதனும் வியாழனும் மட்டும் பாதியாகக் குறைந்திருந்தது! நிலையமே குதூகலித்தது. தலைவி கேக் வாங்கிவந்தார்.

குழுக் கூட்டத்துக்கு நான்கு நாள் இருந்தது. மிச்சமிருந்த பதிவுகளை நான் எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். வில்ஹோவின் குரல் காதில் ஓடியது. "சவுனாவுல சூடு பட்டா பட்டை கெட்டுப்போகுமாமே. கழட்டி ஆணில மாட்டுவோம். சூப்பக் குடிச்ச ஜோருல மறந்துட்டு வீட்டுக்கு வந்துடுவோம். பட்டை அங்க தொங்கும், நான் இங்க கெடப்பேன். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வண்டிலதான் அது திரும்பி வரும், ராஜா மாதிரி."

நான் பதிவை நிறுத்தினேன். மறுபடி கேட்டேன். கையில் பட்டையே இல்லாதவர் எப்படிப் பட்டனை அழுத்துவார்? கேக்கின் கடைசித் துண்டு அலமாரியில் இன்னும் இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க மாட்டேன். எழுந்துபோய்த் தெர்த்துவின் காதில் ஹெட்ஃபோனை மாட்டினேன்.

கேட்டார். மௌனம். நான் எண்ணவில்லை, ஆனால் நீளமாக இருந்தது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆணில தொங்குது! நான் என்னமோ அத்தன பேரும் நிம்மதியா இருக்காங்கன்னு பக்கம் பக்கமா எழுதிவச்சிருக்கேன், பட்டை ஆணில தொங்குது!"

அடுத்த பேருந்திலேயே ஹாப்பாவாராவுக்குப் போனார். கூடத்துச் சமையற்காரர், யார் யார் பட்டையை மறந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். அந்தப் பெயர்களை அந்தந்த வாரத்திலிருந்து நீக்கிவிட்டுத் தெர்த்து எல்லாவற்றையும் மீண்டும் எண்ணினார். பாதி என்றிருந்த குறைவு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஐந்தில் ஒன்று போதுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

"அடிக்குறிப்புல போட்டா போதுமே" என்றார் தலைவி.

"அடிக்குறிப்ப யாரு படிப்பா? அதான் அங்க போடச் சொல்றீங்க" என்றார் தெர்த்து. முதல் பக்கத்தின் முதல் வரியில் போட்டார்.

குழுவை அவர் நகரத்தில் சந்திக்கவில்லை. புதன்கிழமை, அந்தக் கூடத்துக்கே வரச்சொன்னார். ஒன்பது உறுப்பினர்களும் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு வந்து உட்கார்ந்தார்கள். குளித்துச் சிவந்த முகங்களோடு முதியவர்கள் பின்வரிசையை நிறைத்திருந்தார்கள். குழுத்தலைவர் கவுக்கோ ஓய்வுபெற்ற வன அளவையாளர். வாழ்நாளெல்லாம் மரங்களை எண்ணியவர். முகத்தில் ஒன்றும் தெரியாது.

"மொதல்ல என் தப்பச் சொல்லிடறேன்" என்று தெர்த்து ஆரம்பித்தார். பட்டை, ஆணி, நோட்டு எல்லாவற்றையும் சொன்னார். ஐந்தில் ஒன்று என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்.

கவுக்கோ கண்ணாடியை நெற்றிக்குமேல் ஏற்றினார். "இத நீங்களா கண்டுபிடிச்சீங்களா?"

"இல்ல. பேட்டி கொடுத்த ஒருத்தர் சொன்னாரு. பேரச் சொல்றதுக்கில்ல. எங்க அறிக்கைல அவரு ஜனாதிபதி."

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "நான்தான்யா ஜனாதிபதி!" என்று வில்ஹோ எழுந்து நின்றார். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"வில்ஹோ, நீங்க சொல்லணும்னு கட்டாயமில்ல" என்றார் தெர்த்து.

"நீ சும்மா இரு பொண்ணே. ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தல்ல, இப்ப நான் சொல்றேன்." கவுக்கோவைப் பார்த்துத் திரும்பினார். "திங்கக்கிழமை நான் பட்டன அழுத்துவேன். விழுந்துட்டேன்னு சொல்லுவேன். விழுந்திருக்க மாட்டேன். ஒரு புள்ள பனியில அம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு வரும். அதுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பேன், பாவம். புதன்கிழமை அழுத்த மாட்டேன், எல்லாப் பயலையும் பாத்தாச்சு. வியாழக்கிழமையும் அழுத்த மாட்டேன். அன்னிக்குப் பூரா அவனுங்க சொன்னதுக்கெல்லாம் என்ன பதில் சொல்லியிருக்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருப்பேன்."

தெர்த்து குனிந்து தன் சிவப்புக் காலுறையைச் சரிசெய்துகொண்டார்.

கவுக்கோ கண்ணாடியைக் கீழே இறக்கித் தாளைப் பார்த்தார். "நாப்பது வருஷம் எண்ணிக்கை பாத்தவன் நான். பாதின்னு எழுதி வந்த தாள நான் நம்பியிருக்க மாட்டேன். இந்த அஞ்சுல ஒண்ண நம்பறேன்" என்றார். கை தூக்கச் சொன்னார். ஆறு பேர் தூக்கினார்கள், மூன்று பேர் தூக்கவில்லை. சவுனா இன்னும் மூன்று ஆண்டுக்கு நடக்கும்.

அதன்பின் நடந்ததைக் கூட்டம் என்று சொல்ல முடியாது. சமையற்காரர் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினார். யாரோ அக்கார்டியனை எடுத்து வாசித்தார்கள். "வாய்யா தலைவரே, கல்லு இன்னும் ஆறல, ஒரு சுத்துத் தண்ணி ஊத்துவோம்" என்று நான்கு கிழவர்கள் கவுக்கோவைத் துண்டோடு சவுனாப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். அவரும் போனார்!

நகரத்துக்குப் போகும் கடைசிப் பேருந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. நானும் தெர்த்துவும் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டி வாசல் நடையில் நின்றோம். அங்கே இம்பி என்கிற அம்மாள் நின்றிருந்தார். புதன்தோறும் தூக்குப்பாத்திரத்தில் சூப்பு வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடுபவர். சவுனாவுக்கும் வந்ததில்லை, பேட்டிக்கும் ஒப்புக்கொண்டதில்லை. உள்ளே கேட்ட பாட்டின் பக்கம் முகத்தைத் திருப்பி, யாரிடம் என்றில்லாமல், "என்ன அங்க இவ்வளவு சத்தம்?" என்றார்.

வெளியே பேருந்தின் விளக்கு பனியில் தெரிந்தது. நான் கதவைத் திறந்தேன். தெர்த்து ஒரு கையுறையைக் கழற்றினார், மற்றதையும் கழற்றினார். பிறகு சுவரோரம் கிடந்த பெஞ்சில், பக்கத்தில் இம்பிக்கு இடம் விட்டு, உட்கார்ந்துகொண்டார்.